ஆறாம் எண்ணைப் பாருங்கள்

வானொலியில் தன்னைப் பற்றிச் சொன்னதற்காக நிலையத்துக்கே சண்டை போடப் போன கால்பந்து ஆட்டக்காரன், காலுலுஷி ஊரில் கிளெமென்ட் கசூபா ஒருவன்தான். போகிற வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். சாதாரணமாக அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. வாயைத் திறந்தால் பந்து போய்விடும் என்று பயப்படுகிறவன்போல இருப்பான் என்று அணியில் கேலி செய்வார்கள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை அவனுடைய டிரில்லர்ஸ் அணி ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்தது. நடுக்களத்தில் ஆடிய கிளெமென்ட், தான் நன்றாகவே ஆடியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான். மறுநாள் தேவாலயத்தில் பாதிரியார்கூட அவனைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முடிவெட்டும் கடைக்காரன்தான் விஷயத்தை உடைத்தான். ஆட்டத்தின் நடுவே வர்ணனை செய்த பெண், "ஆறாம் எண் கசூபா இன்றைக்கு மைதானத்துக்கு வந்திருக்கிறாரா? பார்த்தவர்கள் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்" என்று, காணாமற்போனவர்களைப் பற்றி அறிவிக்கிற குரலிலேயே சொல்லியிருக்கிறாள். கடைக்காரன் அந்தக் குரலை அப்படியே செய்து காட்டினான். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஆள்கூடக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் பிரிஸ்கா. அதுவரை ஊர் வானொலியில் மரண அறிவிப்புகளையும் சந்தை விலைகளையும் வாசித்துக்கொண்டிருந்தவள். பழைய வர்ணனையாளர் தலைநகர் லுசாக்காவுக்கு வேலை மாறிப் போனதும், தொண்டை நன்றாக இருக்கிறதென்று இவளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கிளெமென்ட் போனபோது மேஜைமேல் வேகவைத்த நிலக்கடலையைக் குவித்து வைத்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். இவனுடைய முகத்தைப் பார்த்ததும் கடலையை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"சொல்லுங்க. யாரு இறந்துட்டாங்க?"

"யாரும் இறக்கல. நான் கசூபா."

"எந்தக் கசூபா?"

"ஆறாம் நம்பர்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஓ. அப்போ சனிக்கிழமை வந்திருந்தீங்களா?"

வழியில் தயார் செய்து வைத்திருந்த பேச்சு மொத்தமும் அவனுக்கு மறந்துபோனது. கோபத்தில் காது மட்டும் சூடானது. கடைசியில், நீங்கள் பந்தை மட்டும் பார்க்கிறீர்கள், நான் பந்து இல்லாத இடத்தில் வேலை செய்கிறவன் என்றான். பந்து இல்லாத இடத்தில் தன் தம்பிகூடத்தான் வேலை செய்கிறான், வீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, என்றாள் அவள். கிளெமென்ட் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். நாளைக்குப் பயிற்சிக்கு வாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள், கொஞ்ச நேரம் என்னை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தான். வாசல் வரைக்கும் போனபிறகுதான், ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது என்று உறைத்தது. திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினான்.

அவள் வந்தாள். எல்லைக்கோட்டுக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, பந்து போகிற பக்கம் தலையைத் திருப்பாமல் அவனையே பார்த்தாள். அவன் ஓயாமல் தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எதற்கோ ரெண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தான். அவன் நகர்ந்ததும், பந்து வைத்திருந்தவன் அந்தப் பக்கம் பாஸ் போட நினைத்ததை விட்டுவிட்டு, வேறு வழி தெரியாமல் பின்னால் தட்டிவிட்டான். இன்னொரு முறை, யாருக்கோ போக வேண்டிய பந்து, கூப்பிட்டு வந்ததுபோல அவனுடைய காலடிக்கு வந்தது. அதை வாங்கினான், பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்தான், மறுபடி நடந்தான். அவ்வளவுதான் அவனுடைய ஆட்டம்.

பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவனிடம் அவள் சொன்னாள்: "நீங்க ஆடவே இல்ல. அவங்களை ஆட விடாம பண்றீங்க."

"அதான் என் வேலை."

"அது சரி. இதை ரேடியோவில எப்படிச் சொல்றது?"

அது அவனுக்கும் தெரியாது. ஆனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த ஆட்டத்தில், எதிரணி பந்தோடு முன்னேறிக்கொண்டிருந்தபோது, அவளுடைய குரல் நிதானமாக வந்தது. "ஆறாம் எண்ணைப் பாருங்கள். பந்து அவரிடம் இல்லை. எதிரணிப் பத்தாம் எண் பாஸ் போட ஆள் தேடுகிறார். அதோ, அந்த ஆள் தயாராக நிற்கிறார். ஆனால் நடுவில் யார் நிற்கிறார் பாருங்கள். கசூபா. பத்தாம் எண் யோசிக்கிறார். இன்னும் யோசிக்கிறார். பந்து போய்விட்டது."

காலுலுஷியில் மைதானத்துக்கு வருகிறவர்களும் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். கண்ணால் பார்ப்பதைக் காதாலும் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. அன்றைக்குக் கிளெமென்ட் சும்மா ஓர் இடத்தில் போய் நின்றதற்கு அரங்கம் கைதட்டியது. அவன் திடுக்கிட்டுப்போய், ரெஃப்ரி எங்காவது தடுக்கி விழுந்துவிட்டாரா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். கைதட்டல் தனக்குத்தான் என்று புரிந்தபோது, அத்தனை வருஷ ஆட்டத்தில் அவன் அறியாத ஒரு கூச்சம் வந்தது. கூச்சம்தான், ஆனால் இனித்தது.

அதற்கப்புறம் பிரிஸ்காவுக்குக் கேள்விகள் முளைத்துக்கொண்டே இருந்தன. எதற்கு அப்போது பின்னால் போனீர்கள், ஏன் அவனைத் துரத்தவில்லை, கையை எதற்கு நீட்டினீர்கள். சந்தை ஓரத்தில் பணியாரம் சுடுகிற ஓர் அம்மாவின் அடுப்பருகே உட்கார்ந்து அவன் பதில் சொல்வான். பாட்டில் மூடிகளை வைத்து ஆட்டக்காரர்களாக நிறுத்திக் காட்டுவான். பணியாரக்கார அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், மூடியை நகர்த்தியது போதும், உன் சித்தப்பாவை அந்தப் பெண் வீட்டுக்கு அனுப்பு என்றார். சித்தப்பா போனார். பெண் வீட்டார் அவரை நன்றாகக் காக்க வைத்துவிட்டுத்தான் பேசினார்கள். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டதற்கு, நடுவில் நிற்கிற வேலை என்று சித்தப்பா சொன்னதை அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கல்யாணம் ஆனது. லுபுட்டோ என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் பிரிஸ்கா புருஷன் என்றும் பார்க்க மாட்டாள். ஒருநாள் அவன் யாருமே இல்லாத மூலைக்குப் பந்தை அனுப்பிவிட்டான். "கசூபா அந்தப் பாஸை யாருக்குப் போட்டார் என்பதை வீட்டுக்குப் போய்க் கேட்டு, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றாள். ஊர் அந்த வாரம் முழுக்க அவனை வழிமறித்து, யாருக்குப்பா போட்டே என்று விசாரித்தது.

டிரில்லர்ஸ் மெல்ல மெல்ல மேலே வந்தார்கள். கிளெமென்டுக்கு முப்பதாகப்போகிற வருஷம், பட்டியலில் அவர்களுக்கு மேலே சிங்கோலா ராக்ஸ் என்ற ஓர் அணிதான் இருந்தது. அதன் பயிற்சியாளர் சியாமே, மெலிந்த உடம்பும் தீராத பொறுமையும் உள்ள மனிதர். சிங்கோலாவில் போய் ஆடிய ஆட்டத்தில் டிரில்லர்ஸ் படுதோல்வி அடைந்தது. நிலையத்து வண்டியில் பிரிஸ்காவும் போய் அங்கிருந்து வர்ணனை செய்துகொண்டிருந்தாள். கிளெமென்ட் இடப்பக்கம் போனால் பந்து வலப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தால் நடுவே பிளந்துகொண்டு போனது. பேய் பிடித்த பந்தோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் பந்து வெளியே போன நேரத்தில் தற்செயலாக எதிரணி பெஞ்சுப் பக்கம் பார்த்தான். சியாமேயின் காதில் ஒரு வயர் தொங்கியது. வயரின் மறுமுனை அவருடைய சட்டைப் பையிலிருந்த சின்ன ரேடியோவுக்குள் போனது. அவர் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எழுந்து, வலது பக்கம் என்று கத்தினார்.

அணியின் வண்டி காலுலுஷிக்குத் திரும்பியது. அவர்களுடைய பயிற்சியாளர் முலோபா இறங்குகிற நேரத்தில் கிளெமென்டின் தோளைத் தொட்டார். இதே சிங்கோலா அணி கடைசி ஆட்டத்துக்குக் காலுலுஷிக்கு வருகிறது, அதில் ஜெயித்தால் கோப்பை நமக்கு, அவர்களுக்கோ சமன் செய்தாலே போதும் என்பதை நினைவுபடுத்தினார். "உன் வீட்டுக்காரிகிட்ட அன்னைக்கு மட்டும் உன்னைப் பத்தி வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது." சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார். பிரிஸ்காவுக்கு அவரும் பயப்படுவார்.

முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்த பிரிஸ்கா, அடுப்பில் நிஷிமாவுக்குச் சோளமாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிளெமென்ட் சொல்லச் சொல்ல, அவளுடைய முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான்.

"அவ்வளவு பெரிய கோச் என் பேச்சைக் கேட்டா ஆட வைக்கறாரு?"

"சந்தோஷப்படற விஷயமா இது?"

"கொஞ்சம் படறேனே." துடுப்பை இரண்டு சுற்று சுற்றினாள். பிறகு முகம் மாறியது. "அதுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன், லுபுட்டோ அப்பா. ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கறவங்க, சுரங்கத்துல காவலுக்கு இருக்கறவங்க, அவங்களுக்கெல்லாம் அன்னைக்கு நான்தான் கண்ணு. பாக்கறதைச் சொல்லுவேன்."

"பொய் வேண்டாம். என்னை விட்டுட்டு மத்தவங்களைப் பத்திப் பேசேன்."

"உங்களைக் கேக்கத்தான் பாதிப் பேரு ரேடியோ போடறாங்க." தட்டில் நிஷிமாவை வைத்து, வறுத்த கப்பெந்தா மீனைப் பக்கத்தில் தள்ளினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. நீங்க எங்க நிக்கப் போறீங்கன்னு இப்பல்லாம் நான் பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடுது. பாதி நேரம் மனப்பாடத்துலதான் சொல்றேன். சியாமே ஜெயிச்சதுக்கு நான் காரணம் இல்ல. நீங்கதான்."

கிளெமென்ட் நிஷிமாவைப் பிட்டு உருட்டிக்கொண்டிருந்தான். கோபம் வந்தது, வந்த வேகத்தில் போகவும் போனது. அவள் சொன்னது நிஜம். தான் நிற்கிற இடத்தில் நின்றே பெயர் வாங்கியவன், அந்தப் பெயரைக் காப்பாற்ற அங்கேயே நின்றுவிட்டான். ஒரு நடுக்கள ஆட்டக்காரனை அவனுடைய மனைவியே மனப்பாடமாக ஒப்பிக்க முடிகிறதென்றால், அப்புறம் அவன் யாருக்கு என்ன புதிதாகச் செய்துவிடப் போகிறான்?

மறுநாள் காலை முலோபாவிடம் போய் ஒரு யோசனை சொன்னான். முலோபா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முன்களத்தில் ஆடிய ஹம்ஃப்ரியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்கள். தினமும் மற்றவர்கள் போன பிறகு, ஹம்ஃப்ரியும் கிளெமென்டும் மாதாகோயில் பள்ளி மைதானத்தில் ஓடிப் பழகினார்கள். வீட்டில்தான் கஷ்டம். பிரிஸ்கா எதையாவது கேட்டால் அவன் கூரையைப் பார்ப்பான். தூங்கும்போது உளறிவிடுவோமோ என்று பயந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். அவனுக்கு வயிறு சரியில்லை என்று முடிவு செய்து, அவள் கசப்புக் கீரையைக் காய்ச்சிக் கொடுத்தாள். அதையும் மறுபேச்சில்லாமல் குடித்தான்.

கடைசி ஆட்டத்தன்று காலுலுஷியில் கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. சுவர்மேலும் மரத்தின்மேலும் ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். பலகையால் அடித்த சின்ன அறையில், உயரத்தில், பிரிஸ்கா உட்கார்ந்திருந்தாள். கீழே எதிரணி பெஞ்சில், சியாமே காதில் வயரை மாட்டிக்கொண்டு வசதியாகச் சாய்ந்திருந்தார்.

முதல் பாதி முழுக்கக் கிளெமென்ட் வழக்கம்போலவே ஆடினான். நின்றான், வாங்கினான், கொடுத்தான். பிரிஸ்கா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். சியாமே கேட்டதைக் கேட்டபடி தம் ஆட்களுக்குக் கத்தினார். கோல் விழவில்லை. ராக்ஸ் அணிக்கு அவசரமும் இல்லை. இடைவேளைக்குப் பிறகு சியாமே கிளெமென்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஆளை விலக்கி ஹம்ஃப்ரிமேல் ஏவிவிட்டார். கசூபாவுக்கு எதற்குக் காவல், அவன் எங்கே போய்விடப் போகிறான் என்று அவர் கணக்குப் போட்டதில் தப்பு சொல்ல முடியாது. வானொலியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. "கசூபா நடுவட்டத்தில் நிற்கிறார். அங்கிருந்து நகர மாட்டார் நேயர்களே, எனக்கு நன்றாகத் தெரியும்."

அப்போதுதான் கிளெமென்ட் கிளம்பினான்.

பந்தை ஹம்ஃப்ரிக்குத் தட்டிவிட்டு நின்றுவிடாமல், அவனைத் தாண்டி நேராக ஓடினான். இரண்டு பேர் ஹம்ஃப்ரியை நோக்கிப் பாய, ஹம்ஃப்ரி குதிகாலால் பந்தைத் திருப்பிவிட்டான். திடீரென்று கிளெமென்டின் முன்னால் ஒருவருமே இல்லை, கோல்கீப்பரைத் தவிர. இவ்வளவு பக்கத்திலிருந்து அவன் கோல் கம்பத்தைப் பார்த்தது பயிற்சியின்போதுதான். வலையின் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது. பள்ளி மைதானத்தில் பழகியபடி இடது மூலைக்கு ஓங்கி அடிக்க நினைத்தான். பந்து பாதத்தில் படாமல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. கீப்பர் இடது மூலைக்குப் பறந்தார். பந்தோ, வலப்பக்கமாக, நடை பழகுகிற குழந்தையைப்போலத் தத்தித் தத்திப் போய் கோட்டைத் தாண்டியது.

அதே நேரத்தில் ஊரிலிருந்த அத்தனை ரேடியோவிலும் வந்தது இது: "கசூபா, இல்லை, அது கசூபா இல்லை. யாரோ ஓடுகிறார். மன்னிக்கவும் நேயர்களே, கசூபாதான். இந்த ஆளு அங்க என்ன பண்றாரு? யாரு இவரைப் போகச் சொன்னது?" பிறகு நாற்காலி விழுகிற சத்தம். மற்றதெல்லாம் கூச்சல்.

கிளெமென்டை அணியினர் கீழே தள்ளி அவன்மேல் குவிந்தார்கள். அடியில் மூச்சு முட்டக் கிடந்தபோது அவனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எலும்பு வலியில் உயிர் போனது. எழுந்து பார்த்தபோது அரங்கமே அந்தப் பலகை அறையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பிரிஸ்கா தலையில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்டம் அப்படியே முடிந்தது. சியாமே வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவனிடம் வந்து கை கொடுத்தார்.

"உன் பொண்டாட்டி இதைச் சொல்லவே இல்லையேப்பா."

"அவளுக்கே தெரியாது, கோச்."

சியாமே ஒரு கணம் அவனை வெறித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் தண்ணீர்ப் பெட்டிமேல் உட்கார வேண்டியதாகிவிட்டது.

ஊர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடியது. வீட்டில் நிலைமை வேறு. நகர மாட்டார் என்று ஊருக்கே சொன்னேனே, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்களே என்று பிரிஸ்கா பாத்திரங்களோடு பேசினாள். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றாள். சொல்லியிருந்தால் மைக்கில் சொல்லியிருப்பாய் என்றான் கிளெமென்ட். அவள் கழுவிக்கொண்டிருந்த குவளையை அப்படியே பிடித்துக்கொண்டு நேர்மையாக யோசித்தாள்.

"சொல்லித்தான் இருப்பேன்," என்றாள். அதற்குமேல் அவளால் கோபமாக இருக்க முடியவில்லை. அன்றைக்கு அவன் குடித்த கீரைக் கஷாயத்தை நினைத்துக்கொண்டு சிரித்தாள். லுபுட்டோவும் காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த வருஷம் சியாமேயைத் தேசிய அணிக்குத் துணைப் பயிற்சியாளராக எடுத்தார்கள். நடுக்களத்தில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியபோது, யாரைக் கூப்பிடலாம் என்ற பேச்சு வந்தது. வெளிநாட்டில் ஆடுகிற பையன்களின் பெயர்களெல்லாம் அடிபட்டன. சியாமே கசூபாவின் பெயரைச் சொன்னார். முப்பதைத் தாண்டியவனை முதன்முறையாகக் கூப்பிடுவதா, நீங்கள் அவனை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள் என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டார். "பாத்தது கொஞ்சம்தான். ஒரு வருஷம் முழுக்கக் காதால கேட்டிருக்கேன். அவன் எப்ப திரும்பிப் பாப்பான்னுகூட எனக்குத் தெரியும்" என்றாராம் சியாமே. பிறகு, "இப்ப முன்னாடியும் ஓடறான்" என்று சேர்த்துக்கொண்டாராம்.

என்டோலா அரங்கத்தில் பக்கத்து நாடான மலாவியோடு ஆட்டம். கிளெமென்டுக்குக் கொடுத்த ஜெர்சி ஒரு சுற்று பெரிது. தேசிய கீதம் பாடும்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், பக்கத்தில் நின்றவனைப் பார்த்து வைத்தான். இரண்டாம் பாதியில்தான் இறக்கினார்கள். ஒரு கோல் முன்னிலையில் இருந்த நேரம். வந்த முதல் பந்தையே தொலைத்தான். இரண்டாவது பந்து வந்தது. வாங்கினான், பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்தான். கொடுத்ததும் மனம் ஒரு நிலைக்கு வந்தது. காலுலுஷியிலும் இதே புல்தான், இதே பந்துதான். அதற்குப் பிறகு மலாவிக்காரர்கள் நடுவழியாக வரவே முடியவில்லை. கடைசி விசில் ஊதியபோது சியாமே எழுந்து நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டினார். டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் பாடினார்கள். மூலையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த கிளெமென்டும் பாடினான். அதுவரை அவன் பாடி யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் இனிமேல் வேண்டாம் என்றார்கள்.

அணியோடு விருந்துக்குப் போக அவனுக்கு மனமில்லை. பிரிஸ்காவும் லுபுட்டோவும் வெளியே காத்திருந்தார்கள். ஊர் வானொலிக்கு என்டோலாவில் இடம் கொடுக்காததால், பிரிஸ்கா கூட்டத்தில் ஒருத்தியாக மூன்றாம் படியில் உட்கார்ந்து பார்த்திருந்தாள். முன்னால் ஒரு பெரிய தொப்பிக்காரர் வேறு. பாதி ஆட்டம் தெரியவில்லை என்று பொருமினாள். மூன்று பேரும் காலுலுஷி போகிற மினிபஸ்ஸில் ஏறி, சாலையோரத்தில் சுட்ட சோளக்கதிர் வாங்கிக் கடித்தார்கள்.

"சரி, சொல்லுங்க," என்றாள். "அந்த ரெண்டாவது பந்து எப்படி வந்துது? எனக்குத் தொப்பிதான் தெரிஞ்சுது."

கிளெமென்ட் சொல்ல ஆரம்பித்தான். முதலில் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. அப்புறம் சோளக்கதிரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். அவர்களுடைய எட்டாம் நம்பர் எப்படி வந்தான், தான் எப்படித் திரும்பினான், கீப்பர் எங்கே நின்றார் என்று வண்டிக்கே சொல்லிக்கொண்டு வந்தான். பின் இருக்கையிலிருந்த ஒருவர், அது எட்டாம் நம்பர் இல்லை, பதினொன்று என்றார். தானும் மைதானத்தில்தான் இருந்தாராம். இல்லை ஐயா, நான் பக்கத்திலேயே நின்றேன், எட்டுதான் என்றான் கிளெமென்ட். பக்கத்தில் நின்றால் எப்படித் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் அவர். டிரைவரும் பதினொன்று பக்கம் சேர்ந்துகொண்டார். பிரிஸ்கா புருஷனுக்காகப் பேசுவாள் என்று கிளெமென்ட் அவளைப் பார்த்தான்.

"எனக்கு எட்டுன்னு தோணல, லுபுட்டோ அப்பா," என்றாள் அவள், கதிரைக் கடித்துக்கொண்டே.

வண்டி முழுக்கச் சிரித்தது. அவன் விடவில்லை. கித்வே நகரம் தாண்டியும் சண்டை ஓயவில்லை.